வெள்ளை வளையம் விழுந்த பாட்டில்

காலி பாட்டில் வாங்குகிறவன் முதலில் வாயைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலை விளிம்பில் வைத்து ஒரு சுற்று சுற்றினால் போதும், கண்ணுக்குத் தெரியாத உடைசல்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நைனா இதைச் சொல்லிக்கொடுத்தார். "வாய மொதல்ல பாருடா. வாய் போச்சுன்னா அது பாட்டில் இல்ல, வெறும் கண்ணாடி." அடுத்தது சத்தம். இரண்டு பாட்டிலைத் தோளோடு தோள் லேசாகத் தட்டினால் நல்லது 'ணங்' என்று நீளமாகப் பாடும். எங்காவது விரிசல் ஓடியிருந்தால் 'டொக்' என்று உடனே அடங்கிவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டம் எட்டிப் பார்க்காத ஒரு சந்தில் இருந்தது எங்கள் பாட்டில் கடை. தகரக் கூரை, மண் தரை, சுவரோரம் ஆள் உயரத்துக்குக் கோணி மூட்டைகள். காசிமேடு, கல்மண்டபம், கொருக்குப்பேட்டை பக்கத்திலிருந்து மீன்பாடி வண்டிகள் காலையிலேயே வந்து இறக்கும். குவார்ட்டர் ஒரு குவியல், பீர் ஒரு குவியல், சாஸ் பாட்டிலும் மருந்து பாட்டிலும் ஒரு குவியல். பீர் குவியலில்தான் எனக்கு வேலை. அடியில் தங்கிய பீர் புளித்து, இட்லி மாவு பொங்கி வழிந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும். உள்ளே பீடித்துண்டு இருக்கும், கரப்பான் இருக்கும். குலுக்கிக் கவிழ்த்து, வாய் பார்த்து, தட்டிப் பார்த்து, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்க வேண்டும். ஒரு கேஸ் பீர் என்றால் 12 பாட்டில், ஒவ்வொன்றும் 650 மில்லி, மொத்தம் 7.8 லிட்டர். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வருவதற்கு முன்பே பன்னிரண்டாம் வாய்ப்பாடு வந்துவிட்டது.

அந்தப் பாட்டிலில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வெள்ளை வளையம். புது பாட்டில் மொழுமொழுவென்று பழுப்பாக இருக்கும். ஆலைக்குத் திரும்பிப் போய், சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீரில் குளித்து, மறுபடி பீர் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்து, மறுபடி காலியாகி எங்கள் மூட்டைக்கு வரும் ஒவ்வொரு சுற்றிலும் அது பக்கத்துப் பாட்டில்களோடு உரசும். தோளிலும் அடியிலும்தான் அந்த உரசல் படும். கொஞ்சம் கொஞ்சமாக அங்கே ஒரு வெள்ளை வளையம் விழும். வளையத்தின் அகலத்தை வைத்தே இது பத்து ஊர் சுற்றியதா, போன வருஷம் பிறந்ததா என்று நைனா சொல்லிவிடுவார். கையில் காப்பு காய்த்த கூலிக்காரரைப் பார்ப்பது போல அந்த வளையத்தைப் பார்த்துப் பழகியவன் நான். இன்றைக்கும் ஏதாவது மேஜையில் பீர் பாட்டிலைக் கண்டால் லேபிளுக்கு முன்னால் என் கண் தோளுக்குத்தான் போகும்.

பழுப்பு நிறத்துக்கும் காரணம் இருக்கிறது. பீரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் உடைந்து, அழுகல் நாற்றமுள்ள ஒரு கந்தகப் பொருளாக மாறிவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. மூடியையும் சொல்ல வேண்டும். அதைச் சுற்றி 21 பல் இருக்கும். 1892-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வில்லியம் பெயிண்டர் என்பவர் காப்புரிமை வாங்கிய மூடி இது. முதலில் 24 பல் இருந்து, பின்னால் 21 ஆனது. எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. கொருக்குப்பேட்டை தண்டவாளத்தில் மூடியை வைத்து, கூட்ஸ் வண்டி ஏறி நசுக்கிய தகட்டில் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து விர்ரென்று சுற்றவிடுவோம். அவ்வளவுதான்.

உடைந்த கண்ணாடியை மட்டும் நைனா யாருக்கும் தர மாட்டார். காத்தாடி சீசன் வந்தால் பசங்கள் கடை வாசலில் நிற்பார்கள். "அண்ணே, உடைஞ்ச பாட்டில் இருந்தா குடுண்ணே." இடித்துச் சலித்து, வஜ்ஜிரப் பசையோடு குழைத்து, மாஞ்சா போடுவதற்கு. எங்கள் சந்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வரும்போது கழுத்தில் மாஞ்சா நூல் இழுத்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்ததை நைனா பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் உடைசல் மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். "நம்ம கடைக் கண்ணாடி எவன் கழுத்தையும் அறுக்கக்கூடாது" என்று அவர் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் படித்துவிட்டுப் போன வேலையும் பாட்டில், டப்பா, அட்டைப்பெட்டி சம்பந்தப்பட்டதுதான். பேக்கேஜிங். அங்கே போன பிறகுதான் அளவு என்பது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று புரிந்தது.

'பைண்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பைண்ட் என்றால் 330 மில்லிச் சின்ன பாட்டில். லண்டனில் பைண்ட் என்றால் 568 மில்லி. அமெரிக்காவில் 473. ஆஸ்திரேலியாவில் மற்ற ஊர்களில் பைண்ட் 570 மில்லி, தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பைண்ட் கேட்டால் 425 மில்லிதான் வரும். 1824-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டு, பத்து பவுண்டு எடைத் தண்ணீர் கொள்ளும் அளவை ஒரு கேலன் என்று வைத்தார்கள். அதில் எட்டில் ஒரு பங்கு பைண்ட். அமெரிக்கா அதற்குள் தனி நாடாகிவிட்டதால், ராணி ஆன் காலத்துப் பழைய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது. அதனால்தான் அவர்கள் பைண்ட் சின்னது. நம் ஊர் ஃபுல் பாட்டிலின் 750 மில்லியும் இங்கிலாந்துக் கேலனில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த ஆறில் ஒன்று சுமார் 758 மில்லி.

நம்மிடமும் இப்படித்தானே இருந்தது? இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆனால் ஊருக்கு ஊர் படி வேறு. எங்கள் ஆயா கடைசிவரை 'பட்டணம் படி' என்று அழுத்திச் சொல்லித்தான் அரிசி அளப்பாள். 1956-ல் சட்டம் வந்து லிட்டரும் கிலோவும் அவளுடைய படியை மூலைக்குத் தள்ளின. ஆனாலும் படியை அவள் தூக்கிப் போடவில்லை.

2014 மே மாதம் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்தில் நடந்த இன்டர்பேக் கண்காட்சிக்குக் கம்பெனி என்னை அனுப்பியது. சாயங்காலம் பழைய நகரத்துக்குள் கூட்டிப் போனார்கள். அந்த ஊர் பீருக்கு ஆல்ட் என்று பெயர். ஆல்ட் என்றால் பழையது. குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் வகை வந்து உலகத்தையே பிடித்துக்கொண்ட பிறகும், மேலே பொங்கிப் புளிக்கும் பழைய ஈஸ்டை விடாமல் வைத்திருக்கும் ஊர் அது. செம்பு நிறத்தில், நல்ல கசப்போடு இருந்தது. அந்த ருசியைவிட என்னை நிறுத்தி வைத்தது டம்ளர்தான். கால் லிட்டர் டம்ளர். நம் வீட்டுத் தண்ணீர் டம்ளர் அளவுதான் இருக்கும். மேல் பக்கத்தில் கண்ணாடியிலேயே ஒரு கோடு, பக்கத்தில் 0.25 என்று எண். பீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலே நிற்க வேண்டும். கோடு போடாத டம்ளரில் ஊற்றி விற்க அங்கே சட்டம் விடாது.

நீல ஏப்ரன் கட்டிய ஒரு பெரியவர் தட்டு நிறைய டம்ளரோடு சுற்றி வருவார். நாம் கேட்க வேண்டியதில்லை. டம்ளர் காலியானால் அடுத்ததை வைத்துவிட்டு, கீழே இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். போதும் என்றால் அட்டையை எடுத்து டம்ளர் வாயை மூட வேண்டும். நான் மூன்று குடித்தேன், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மரப் பீப்பாயிலிருந்து அப்போதுதான் பிடித்தது என்பதால் கடைசி வாய்வரை சில்லென்று இருந்தது. இவ்வளவு சின்ன டம்ளர் எதற்கு என்று கேட்டேன். சூடாகிற பீர் யாருக்கு வேண்டும், நுரை செத்துப்போவதற்குள் முடிக்கிற அளவுதான் அளவு என்றார்கள்.

அன்று ராத்திரி அறையில் படுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு எதிரே நான் வருஷக்கணக்காகப் பார்த்த ஆட்களை நினைத்தேன்.

மே மாதம், மூன்று மணி வெயில். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வேலை முடிந்து வருவார். அவர் கையில் இருக்கும் பாட்டில் 650 மில்லி. 330 மில்லி கேட்டால் பெரும்பாலும் இல்லை என்ற பதில்தான் வரும், இருந்தாலும் கணக்குப் பார்த்தால் அதில் காசு அதிகம். திறந்துவிட்டால் மூட முடியாது, அந்த மூடி ஒருமுறைதான். நம் ஊர் வெயிலில் கால் மணி நேரத்தில் அது வெந்நீராகிவிடும். அதனால் அவர் நின்றபடி, சுவரோரமாக, மடமடவென்று ஊற்றிக்கொள்வார். பாட்டில் பெரும்பாலும் ஸ்ட்ராங் வகை, எட்டு சதவீதம் வரை போகும். 650-ல் எட்டு சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால். டுசல்டார்ஃபில் எனக்கு வந்த கால் லிட்டர் டம்ளரில் சுமார் 12 மில்லி. நான் இரண்டு மணி நேரத்தில் மூன்று டம்ளரில் குடித்தது 36 மில்லி. அவர் பத்து நிமிஷத்தில், காலி வயிற்றில், 52 மில்லி. நான் கட்டுப்பாடானவன், அவர் குடிகாரர் என்று பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது பாத்திரத்தின் அளவும், உட்கார ஒரு நாற்காலியும்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வடசென்னை ஆட்களுக்கு அளவு தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. 'கட்டிங்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள். 180 மில்லி குவார்ட்டருக்குக் கையில் காசு பத்தாதவர் கடை வாசலில் நின்று, முன்பின் தெரியாத இன்னொருவரிடம் "கட்டிங் போடலாமாண்ணே?" என்று கேட்பார். இருவரும் சேர்ந்து ஒன்று வாங்கி, இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணளவில் சமமாக ஊற்றுவார்கள். ஒரு சொட்டு கூடக் குறைய இருக்காது. கடையில் விற்காத 90 மில்லி என்ற ஒரு அளவை, பாக்கெட்டில் இருக்கும் காசுக்கு ஏற்றபடி அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அந்தச் சமப் பங்கை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சின்ன அளவு வேண்டும் என்று மனிதன் கேட்கிறான் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பீர் என்றாலே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுகிறோம். கொண்டுவந்ததும் உண்மைதான், அது இறங்கிய இடங்களில் எங்கள் பக்கமும் ஒன்று. 18-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து லண்டனில் ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் ஆலை பீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கேப்டன்கள் வாங்கி இந்தியாவுக்கு ஏற்றினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி மாதக்கணக்கில் வரும் பயணம். கெட்டுப் போகாமல் இருக்க ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டார்கள். 1822-ல் பர்ட்டன் ஊர் ஆல்சாப் ஆலையும் போட்டிக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க இந்தியா பேல் ஏல் என்று விற்பதன் பூர்வீகம் இதுதான்.

மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. 1870களில் துறைமுக வேலை தொடங்கும் வரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைவரை சரக்கைக் கொண்டுவந்தது மசூலா படகு. ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை தூக்கி அடித்தாலும் பலகை நெளிந்து கொடுக்கும், உடையாது. ஹாக்ஸ்ஹெட் என்ற பெரிய பீப்பாய் 54 கேலன், அதாவது சுமார் 245 லிட்டர். அந்தக் கனத்தை அந்தத் தையல் படகில் ஏற்றி, அலை உடையும் இடத்தில் நிதானம் பார்த்துக் கரை சேர்த்த கைகள் இந்தக் கடற்கரை ஆட்களுடையவை. வரலாறு ஹாட்ஜ்சனின் பெயரை வைத்திருக்கிறது. படகுக்காரர் ஒருவர் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை. எனக்கு இது ஆறாத குறை. 'பீப்பாய்' என்ற சொல்லே போர்த்துக்கீசியர்களின் 'பிப்பா'விலிருந்து வந்தது. அவர்களுக்கு அது ஒயின் அளக்கும் அளவு. நமக்குப் பாத்திரத்தின் பெயராக நின்றுவிட்டது.

ஆனால் தானியத்தை முளைகட்டிப் புளிக்கவைக்கும் வித்தைக்கு நாம் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. பெரும்பாணாற்றுப்படை காஞ்சியில் ஆண்ட இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அந்த வலை வீசுகிறவர்களின் வீட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லும்போது, கள் காய்ச்சும் பக்குவத்தையே வரிசையாகச் சொல்லிவிடுகிறார் புலவர். குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாய் அகன்ற பிழா என்ற தட்டில் கொட்டி ஆற்ற வேண்டும். புற்றுக்குள் கறையான் கட்டும் குரும்பி போன்ற தோற்றமுடைய அடையை அதில் கலக்க வேண்டும். நெல்முளையால் செய்த அடை என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு கழிய வேண்டும். கெட்டியான வாயுடைய சாடியில் முற்ற விளைந்த பிறகு, விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்டி, சுட்ட மீனோடு கொடுப்பார்கள்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பீர் ஆலைக்காரன் செய்வதும் இதேதான். பார்லியை முளைகட்டுவதே, அந்த முளையில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் என்பதற்காகத்தான். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். இங்கே பார்லிக்குப் பதில் நெல், ஹாப்ஸ் கிடையாது. ஜெர்மன்காரர்கள் 1516-ல் பவேரியாவில் போட்ட பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் சட்டத்தை எங்கே போனாலும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். நம் வலைஞர் வீட்டுச் சாடியை நாம் ஏன் சொல்வதில்லை?

காசிமேட்டில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான், விசைப்படகில் போகிறவன். அவனுக்கு இந்த வரிகளைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சுட்ட மீனா? இன்னா மீனுன்னு போடலியா?" என்றான். போடவில்லை என்றேன். "காரப்பொடி மீனா இருக்கும்" என்றான், நேற்று சாப்பிட்டவனைப் போல.

மணலி, மீஞ்சூர் பக்கம் பனைமரம் நிறைய இருந்த காலத்தை ஆயா சொல்லுவாள். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் கள் வாங்கிக் குடிப்பது. பட்டைக்கு அடி கிடையாது, கீழே வைக்க முடியாது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துத்தான் தீர வேண்டும். குடித்து முடித்தால் ஓலை மண்ணுக்குப் போய்விடும். 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, அப்புறம் 1948-ல் மாகாணம் முழுவதும், 1971-ல் திறப்பு, மறுபடி மூடல், 1981-ல் மறுபடி திறப்பு, 1983-ல் டாஸ்மாக், 1987-ல் கள்ளுக்குத் தடை, 2003-ல் சில்லறைக் கடைகளும் அரசிடம். இத்தனை திறப்பிலும் மூடலிலும் பட்டையும் கலயமும் காணாமல் போய், கண்ணாடி பாட்டில் மட்டும் நின்றது. எங்கள் குடும்பம் அந்தப் பாட்டிலில்தான் சாப்பிட்டது. இரண்டையும் சேர்த்தே நான் சொல்ல வேண்டும்.

2022-ல் நீலகிரியில், உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தரும் ஏற்பாடு வந்தது. காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்ததால் வந்த ஏற்பாடு. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. பாட்டில் கடைசிவரை பாட்டிலாகவே இருக்க வேண்டும் என்றுதானே நைனாவும் ஆயுசு முழுக்கச் சொன்னார். மூட்டை கட்டிக்கொண்டு மீன்பாடி வண்டியில் வந்தவர்களுக்கும் அந்த ஏற்பாட்டில் ஒரு இடம் கொடுத்தால் எனக்கு மனசு நிறையும்.

நைனா போய் ஆறு வருஷமாகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. கடையைக் காலி செய்த அன்று அம்மா ஒரே ஒரு பீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில்தான் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள், வாயில் துணியைச் சுருட்டி அடைத்து. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்ற எண்ணெய் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். எடுத்தபோது எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தோளில் வெள்ளை வளையம் ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. கட்டைவிரலை வாயில் வைத்து ஒரு சுற்று சுற்றினேன். உடைசல் இல்லை.